டிட்ராயிட் ஆற்றுப் பாலங்களும் எல்லைக் கடப்புக்கான அரசு நிதியும்

டிட்ராயிட் ஆறு, ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள டிட்ராயிட் நகரையும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலுள்ள வின்சர் நகரையும் பிரிக்கும் பன்னாட்டு எல்லையாகும். இவ்விடத்தில் ஆறு வளைந்து செல்வதால் கனடிய நகரமான வின்சர், அமெரிக்க நகரமான டிட்ராயிட்டுக்குத் தெற்கே அமைந்துள்ளது. இரு நாடுகளுக்கும் இடையிலான சரக்கு வணிகத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த ஆற்றின் மீதுள்ள அம்பாசடர் பாலம் வழியாக நடைபெற்று வந்துள்ளது. 1929இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் தனியாருக்குச் சொந்தமானது. அதற்கு மாற்றாகப் பொது உடைமையில் ஒரு பாலம் அமைக்கும் முயற்சி 2001இல் தொடங்கியது. அம்முயற்சியின் விளைவான கோர்டி ஹோவ் பன்னாட்டுப் பாலத்தின் கட்டுமானச் செலவு முழுவதையும், அமெரிக்கக் கரையில் ஆகும் செலவு உட்பட, கனடிய அரசே ஏற்றது.

எல்லையில் அமையும் பாலத்துக்கு யார் பணம் தர வேண்டும், பணம் தந்தவருக்கு என்ன உரிமை, பணம் தர மறுப்பவருக்கு என்ன இழப்பு ஆகிய கேள்விகளுக்கு இந்த ஆற்றின் நூறாண்டு வரலாறு தெளிவான எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

எல்லைக் கடப்புக்கு நிதி கிடைப்பதில் உள்ள சிக்கல்

உள்நாட்டில் ஒரு பாலம் கட்டுவதற்கும் எல்லையில் ஒரு பாலம் கட்டுவதற்கும் பொறியியலில் பெரிய வேறுபாடு இல்லை. நிதி ஏற்பாட்டில்தான் வேறுபாடு உள்ளது. எல்லைப் பாலத்துக்கு இரண்டு நாடுகளின் ஒப்புதல் வேண்டும். டிட்ராயிட் ஆற்றைப் பொறுத்தவரை கனடிய கூட்டரசு, ஒண்டாரியோ மாகாண அரசு, அமெரிக்க கூட்டரசு, மிச்சிகன் மாநில அரசு என நான்கு அரசுகள் தொடர்புடையவை. இவற்றுடன் கரையோர நகராட்சிகளும் சேர்கின்றன.

பாலத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் பணம் வெவ்வேறு பெட்டியிலிருந்து வர வேண்டியுள்ளது. கனடாவில் நெடுஞ்சாலைகள் மாகாண அரசின் பொறுப்பு. எல்லைச் சோதனை கூட்டரசின் பொறுப்பு. அமெரிக்காவில் மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைகளுக்குக் கூட்டரசு பெரும்பங்கு நிதி தருகிறது. ஆனால் மாநிலமும் தன் பங்கைச் செலுத்தினால்தான் அந்த நிதி கிடைக்கும். சுங்கச் சோதனை வளாகத்துக்கான பணம் நெடுஞ்சாலை நிதியிலிருந்து வருவதில்லை. அதற்கு வேறு துறையின் வரவு செலவுத் திட்டத்தில் இடம் தேட வேண்டும். நெடுஞ்சாலை, பாலம், சோதனை வளாகம் ஆகிய மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் பயன்படாமல் போகும்.

பயன் பரவும் விதம் மற்றொரு சிக்கலாகும். எல்லைப் பாலத்தைப் பயன்படுத்தும் சரக்குந்துகளில் பல, கரையோர நகரங்களில் நிற்காமல் தொலைவிலுள்ள மாநிலங்களுக்கும் மாகாணங்களுக்கும் செல்பவை. நெரிசலும் புகையும் கரையில் வாழ்பவர்களுக்கு. வணிக இலாபம் தொலைவில் உள்ளவர்களுக்கு. இதனால் உள்ளூர் மக்கள் பிரதிநிதிகள் தங்கள் பொதுப் பணத்தை இதில் இட எளிதில் முன்வருவதில்லை.

தனியார் முதலீட்டின் காலம்: 1910–1930

பத்தொன்பதாம் நூற்றாண்டில் டிட்ராயிட் ஆற்றைக் கடக்கப் படகுகளே பயன்பட்டன. தொடர்வண்டிப் பெட்டிகளையும் படகில் ஏற்றியே மறுகரைக்குக் கொண்டு சென்றனர். பெரிய ஏரிகளில் இயங்கிய கப்பல் நிறுவனங்கள், ஆற்றின் நடுவே தூண்கள் வருவதைக் கடுமையாக எதிர்த்ததால் பாலம் அமைக்கும் திட்டங்கள் தடைப்பட்டன. 1910இல் மிச்சிகன் சென்ட்ரல் தொடர்வண்டி நிறுவனம் ஆற்றுக்கு அடியில் சுரங்கப் பாதை அமைத்தது. இப்பாதைக்கான குழாய்ப் பகுதிகள் ஆற்றின் தரையில் தோண்டப்பட்ட பள்ளத்தில் இறக்கிப் பொருத்தப்பட்டன.

மோட்டார் வாகனங்கள் பெருகியதும் சாலைப் பாலத்துக்கான தேவை எழுந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு முன்வைக்கப்பட்ட திட்டங்களுக்கு 1921இல் இரு நாடுகளின் சட்டமன்றங்களும் ஒப்புதல் தந்தன. கனடியப் பகுதிக்கு உரிமை பெற்ற கனடியன் டிரான்சிட் நிறுவனம் அவ்வாண்டில் கனடிய நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் உருவானது. இரு அரசுகளும் அனுமதி தந்தனவே தவிர, பணம் தரவில்லை. நிதியாளர் ஜோசப் பவர் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் விற்றுப் பணம் திரட்டினார். டிட்ராயிட் மேயர் ஜான் சுமித் தனியார் உடைமையை எதிர்த்தார். 1927இல் நடந்த பொது வாக்கெடுப்பில் நகர மக்கள் மிகப் பெரும்பான்மையாகப் பாலத்துக்கு ஆதரவளித்தனர்.

பிட்சுபர்க் நகரின் மெக்கிளின்டிக் மார்சல் நிறுவனம் தொங்கு பாலத்தைக் கட்டியது. கட்டுமானத்தின் நடுவே, வெப்பப் பதனம் செய்யப்பட்ட எஃகுக் கம்பிகளில் குறை இருப்பது தெரியவந்தது. வடங்களில் பொருத்தப்பட்டிருந்த கம்பிகள் அகற்றப்பட்டு வேறு வகைக் கம்பிகள் பொருத்தப்பட்டன. அவ்வாறிருந்தும் பாலம் 1929 நவம்பரில் திறக்கப்பட்டது. அதன் நடுப்பாவு 1,850 அடி (564 மீட்டர்) நீளமுடையது. 1931இல் நியூயார்க்கில் ஜார்ஜ் வாசிங்டன் பாலம் திறக்கப்படும் வரை உலகின் மிக நீண்ட நடுப்பாவு கொண்ட தொங்கு பாலமாக இதுவே இருந்தது.

1930 நவம்பரில் டிட்ராயிட்–வின்சர் வாகனச் சுரங்கப் பாதையும் தனியார் முதலீட்டில் திறக்கப்பட்டது. இச்சுரங்கம் பின்னர் இரு நகராட்சிகளின் உடைமையானது. ஆனால் நகர மையத்தில் தொடங்கி நகர மையத்தில் முடியும் குறுகிய பாதை என்பதால், பெரிய சரக்குந்துகளுக்கு அது ஏற்றதன்று. எனவே சரக்குப் போக்குவரத்தின் சுமை அம்பாசடர் பாலத்தின் மீதே விழுந்தது.

இதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. டிட்ராயிட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போர்ட் ஹூரான், சார்னியா நகரங்களை இணைக்கும் புளூ வாட்டர் பாலம் 1938இல் பொது உடைமையாகத் திறக்கப்பட்டது. நெரிசல் மிகுந்தபோது 1997இல் அதற்கு அருகே இரண்டாவது பாலத்தை இரு தரப்புப் பொது அமைப்புகளே அமைத்தன.

உடைமை கைமாறிய வரலாறு

அம்பாசடர் பாலம் திறக்கப்பட்ட சில வாரங்களுக்கு முன்புதான் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்திருந்தது. பெரும் பொருளியல் மந்தத்தில் வாகனங்கள் குறைந்தன. பாலக் கட்டண வருவாய் கடனுக்கான வட்டிக்குப் போதவில்லை. 1939இல் நிறுவனம் மறுசீரமைக்கப்பட்டு டிட்ராயிட் இன்டர்நேசனல் பிரிட்ஜ் நிறுவனம் என்ற பெயரில் இயங்கத் தொடங்கியது. அதன் பங்குகள் பங்குச் சந்தையில் வாங்கி விற்கப்பட்டன.

1965இல் கனடாவும் அமெரிக்காவும் மோட்டார் வாகன வணிக உடன்பாட்டில் கையொப்பமிட்டன. இதன் பிறகு வாகனங்களும் உதிரிப் பாகங்களும் சுங்க வரியின்றி எல்லையைக் கடந்தன. டிட்ராயிட்டின் பெரிய வாகன நிறுவனங்கள் தம் ஆலைகளை இரு கரைகளிலும் ஒரே தொழிற்சாலைபோல இணைத்தன. ஓர் உதிரிப் பாகம் முழு வாகனமாவதற்குள் பலமுறை ஆற்றைக் கடப்பது வழக்கமாயிற்று. பாலத்தின் வருவாயும் உயர்ந்தது.

1970களில் முதலீட்டாளர் வாரன் பபெட் இந்நிறுவனத்தின் பங்குகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை வைத்திருந்தார். சரக்குந்துத் தொழில் நடத்திய மானுவல் மொரூன் 1979இல் அப்பங்குகளையும் மற்றவற்றையும் வாங்கி, பாலத்தைத் தம் குடும்பத்தின் உடைமையாக்கினார். கனடிய கூட்டரசு அயல்நாட்டு முதலீட்டுச் சட்டத்தின் அடிப்படையில் இதை எதிர்த்தது. வழக்குகள் 1990களின் தொடக்கம் வரை நீடித்து உடன்படிக்கையில் முடிந்தன, உடைமை மாறவில்லை.

1989இல் கனடா–அமெரிக்கத் தடையற்ற வணிக உடன்பாடும், 1994இல் மெக்சிகோவையும் சேர்த்த வட அமெரிக்க உடன்பாடும் நடைமுறைக்கு வந்தன. எல்லையின் மிகப் பரபரப்பான வணிக வாயில், பாலக் கட்டணத்தைத் தானே நிர்ணயித்த ஒரு குடும்பத்தின் கையில் இருந்தது. அப்பாலம் நான்கு தடங்களே உடையது. கனடியக் கரையில் அது நெடுஞ்சாலையுடன் இணையவில்லை. ஒண்டாரியோவின் 401ஆம் நெடுஞ்சாலையில் தடையின்றி ஓடிவரும் சரக்குந்துகள், வின்சர் நகரின் இயூரான் சர்ச் சாலையில் பத்துக்கும் மேற்பட்ட போக்குவரத்து விளக்குகளில் நின்று நின்று பாலத்தை அடைந்தன.

2001க்குப் பின்

2001 செப்டம்பர் 11 தாக்குதல்களைத் தொடர்ந்து அமெரிக்க எல்லைகளில் சோதனை மிகக் கடுமையாக்கப்பட்டது. அம்பாசடர் பாலத்தை நோக்கிய சாலைகளில் சரக்குந்துகள் பல கிலோமீட்டர் நீளத்துக்கு, பல மணி நேரம் காத்துக் கிடந்தன. உதிரிப் பாகங்களைக் கிடங்கில் சேர்த்து வைக்காமல், தேவைப்படும் நேரத்தில் வரவழைக்கும் முறையைப் பின்பற்றிய வாகன ஆலைகள் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. ஒரு பாலத்தில் ஏற்படும் தடை இரு நாடுகளின் தொழிலையும் முடக்கும் என்பதை ஆட்சியாளர்கள் உணர்ந்தனர்.

நான்கு அரசுகளும் இணைந்து புதிய கடப்பு குறித்த ஆய்வை மேற்கொண்டன. பல இடங்களும் வடிவங்களும் ஆராயப்பட்டன. இறுதியில் அம்பாசடர் பாலத்திலிருந்து ஆற்றின் ஓட்டத்திசையில் சில கிலோமீட்டர் தள்ளி, டிட்ராயிட்டின் டெல்ரே பகுதியும் வின்சரின் மேற்குத் தொழிற்பகுதியும் தேர்ந்தெடுக்கப்பட்டன. இடத்துக்கான சுற்றுச்சூழல் ஒப்புதல்கள் 2009இல் இரு நாடுகளிலும் கிடைத்தன.

அம்பாசடர் பாலத்தின் உரிமையாளர்கள் இத்திட்டத்தை எதிர்த்தனர். பழைய பாலத்துக்கு அருகிலேயே தம் சொந்தப் பணத்தில் இரண்டாவது பாலம் கட்டத் தயார் என்றும், அதனால் வரி செலுத்துவோருக்குச் செலவு இல்லை என்றும் அவர்கள் வாதிட்டனர். 1999இல் உச்சத்தைத் தொட்ட வாகன எண்ணிக்கை அதன் பின் குறைந்ததையும் சுட்டிக்காட்டினர். இந்த வாதத்தை மிச்சிகன் சட்டமன்றத்தில் பலர் ஏற்றனர். பாலத்தின் உடைமை ஒரே கையில் இருப்பதும், மாற்று வழி இல்லாததுமே சிக்கல் என்பது திட்ட ஆதரவாளர்களின் மறுமொழியாக இருந்தது. அதே கையில் இரண்டாவது பாலமும் அமைந்தால் அச்சிக்கல் தீராது என்று அவர்கள் கருதினர்.

அரசுப் பணமும் தனியார் உடைமையும்: கேட்வே திட்டம்

பொதுப் பணத்தைத் தனியார் பாலத்துடன் இணைப்பதில் உள்ள இடர்ப்பாட்டுக்கு கேட்வே திட்டம் சான்றாகும். டிட்ராயிட் கரையில் நெடுஞ்சாலைகளை அம்பாசடர் பாலத்துடன் நேரடியாக இணைத்து, சரக்குந்துகளைக் குடியிருப்புத் தெருக்களிலிருந்து விலக்குவது இதன் நோக்கம். ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்பிலான இத்திட்டத்தில் மிச்சிகன் போக்குவரத்துத் துறையும் பால நிறுவனமும் தத்தம் பகுதிகளைக் கட்ட 2004இல் ஒப்பந்தம் செய்தன.

அரசு தன் பகுதியைக் கட்டி முடித்தது. நிறுவனம் ஒப்புக்கொண்ட வடிவத்தில் கட்டவில்லை என்று கூறி, 2009இல் அரசு வழக்குத் தொடுத்தது. இணைப்புச் சாலை செல்ல வேண்டிய இடத்தில் வரியில்லாப் பொருள் கடையும் எரிபொருள் நிலையமும் அமைந்திருந்தன. 2010இல் நீதிமன்றம் ஒப்பந்தப்படி கட்டுமாறு உத்தரவிட்டது. உத்தரவு நிறைவேற்றப்படாததால், 2012 சனவரியில் மொரூனும் நிறுவனத்தின் தலைவரும் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். ஓர் இரவுக்குப் பின் மேல்முறையீட்டு நீதிமன்ற உத்தரவால் விடுவிக்கப்பட்டனர். பின்னர் எஞ்சிய வேலையை அரசே ஏற்று, அவ்வாண்டிலேயே முடித்தது.

மறுகரையிலும் இத்தகைய மோதல் எழுந்தது. இரண்டாவது பாலத்துக்காக வின்சரின் சான்விச் பகுதியில் நிறுவனம் வாங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் ஆளின்றிப் பலகையடித்துக் கிடந்தன. அவற்றைப் பழுதுபார்க்குமாறு நகராட்சி உத்தரவிட்டது. பாலம் கூட்டரசின் அதிகாரத்துக்கு உட்பட்டதால் நகராட்சி விதிகள் தனக்குப் பொருந்தா என்று நிறுவனம் வாதிட்டது. எந்த நீதிமன்றம் இதை விசாரிக்கலாம் என்ற கேள்வியே கனடிய உச்ச நீதிமன்றம் வரை சென்று 2016இல் முடிவானது.

கனடாவின் 55 கோடி டாலர் முன்மொழிவு

புதிய பாலத்துக்கு மிச்சிகன் தன் பங்கைத் தரும் நிலையில் இல்லை. வாகனத் தொழில் நலிந்து, மாநிலத்தின் நிதி நிலை மோசமாக இருந்த காலம் அது. 2010 ஏப்ரலில் கனடிய போக்குவரத்து அமைச்சர் ஜான் பேர்ட், மிச்சிகன் ஆளுநர் ஜெனிபர் கிரான்ஹோமுக்கு ஒரு முன்மொழிவை அனுப்பினார். மிச்சிகன் தர வேண்டிய பங்குக்காக 55 கோடி டாலர் வரை கனடா செலவிடும். அத்தொகையைப் பிற்காலத்தில் பாலக் கட்டணத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். மிச்சிகன் மாநிலத்தின் கருவூலத்திலிருந்து எதுவும் தர வேண்டியதில்லை. ஒரு நாடு அண்டை நாட்டு மாநிலத்தின் சாலைப் பணிக்குப் பணம் தர முன்வந்தது அரிதான நிகழ்வாகும்.

இம்முன்மொழிவும் சட்டமன்றத்தில் கரை சேரவில்லை. 2010இல் கீழவை ஒப்புதல் தந்தும் மேலவையில் சட்ட முன்வரைவு நிறைவேறவில்லை. 2011இல் பதவியேற்ற ஆளுநர் ரிக் சுனைடர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். அவரும் பாலத்தை ஆதரித்தார். கனடா தரும் தொகையை மிச்சிகன் தன் பங்காகக் காட்டி, மாநிலத்தின் பிற சாலைகளுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை நிதியைப் பெறலாம் என அமெரிக்க கூட்டரசு இசைந்தது. அதாவது, பாலத்துக்காக வரும் கனடியப் பணத்தால் மிச்சிகனின் மற்ற சாலைகளும் பயன்பெறும் வாய்ப்பு உருவானது. இருப்பினும் 2011 அக்டோபரில் மேலவைக் குழுவிலேயே திட்டம் தோற்றது.

சட்டமன்றம் மறுத்தது மாநிலப் பணத்தைச் செலவிடும் அதிகாரத்தை. மாநிலப் பணம் தேவையே இல்லையென்றால், நடப்பிலுள்ள சட்டங்களின்கீழ் ஆளுநரே ஒப்பந்தம் செய்யலாம் என்பது சுனைடர் தரப்பின் நிலைப்பாடு. 2012 சூன் 15 அன்று கனடிய அரசும் மிச்சிகனும் கடப்பு உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அதன் முதன்மைக் கூறுகள்:

* பாலம் கனடாவுக்கும் மிச்சிகனுக்கும் பொதுவான உடைமை.
* கட்டுமானத்துக்கான பணம் கனடாவின் பொறுப்பு. மிச்சிகனுக்கு நிதிக் கடப்பாடு இல்லை.
* மிச்சிகன் கரையில் நிலம் கையகப்படுத்துவது மாநில அரசின் வேலை. அதற்கான செலவு கனடாவுடையது.
* பாலக் கட்டணம் கனடியக் கரையில் வசூலிக்கப்படும். செலவிட்ட தொகையைக் கனடா அதிலிருந்து மீட்டுக்கொள்ளும்.
* இரு தரப்பிலும் தலா மூவரைக் கொண்ட பன்னாட்டு ஆணையம் திட்டத்தை மேற்பார்வையிடும்.

அமெரிக்க அரசு நிதியைப் பெறும் திட்டங்களில் அமெரிக்க எஃகையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி உள்ளது. பணம் கனடாவுடையது என்பதால், இரு நாடுகளின் எஃகையும் பயன்படுத்த இத்திட்டத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

வாக்கெடுப்பும் அனுமதியும்

உடன்படிக்கைக்கு எதிராக, புதிய பன்னாட்டுப் பாலத்துக்கு மக்களின் வாக்கு ஒப்புதல் கட்டாயம் என மாநில அரசியலமைப்பைத் திருத்தும் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. 2012 நவம்பர் 6 தேர்தலில் ஆறாவது முன்மொழிவாக இடம்பெற்ற இதற்கு ஆதரவாக மொரூன் தரப்பு 3 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டது. ஏறத்தாழ 60 விழுக்காடு வாக்காளர்கள் அதை நிராகரித்தனர். 1927இல் தனியார் பாலத்துக்கு டிட்ராயிட் மக்கள் வாக்கு தந்தனர். 85 ஆண்டுகளுக்குப் பின் மிச்சிகன் மக்கள் பொதுப் பாலத்துக்கு வழிவிட்டனர்.

1972ஆம் ஆண்டின் அமெரிக்கப் பன்னாட்டுப் பாலங்கள் சட்டப்படி இத்தகைய பாலத்துக்கு அதிபரின் அனுமதி வேண்டும். 2013 ஏப்ரலில் அந்த அனுமதி கிடைத்தது.

ஒரு தடை மட்டும் எஞ்சியது. டிட்ராயிட் கரையில் அமெரிக்கச் சுங்கச் சோதனை வளாகம் கட்ட ஏறத்தாழ 25 கோடி டாலர் தேவைப்பட்டது. அமெரிக்க கூட்டரசு தன் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு நிதி ஒதுக்கவில்லை. சோதனை வளாகம் இல்லாத எல்லைப் பாலம் பயனற்றது. 2015 பிப்ரவரியில் இச்செலவையும் கனடாவே ஏற்று, பாலக் கட்டணத்தில் மீட்டுக்கொள்வதாக அறிவித்தது. அங்குப் பணிபுரியும் அமெரிக்க அதிகாரிகளுக்கான செலவு மட்டும் அமெரிக்காவின் பொறுப்பாயிற்று.

அதே ஆண்டு மே மாதம் கனடியப் பிரதமர் ஸ்டீவன் ஹார்ப்பரும் ஆளுநர் சுனைடரும் பாலத்துக்குப் பெயர் சூட்டினர். கனடாவில் பிறந்து, டிட்ராயிட் ரெட் விங்சு அணிக்காக 25 பருவங்கள் ஆடிய பனி வளைதடி ஆட்டக்காரர் கோர்டி ஹோவின் பெயர் தெரிவு செய்யப்பட்டது.

கட்டுமானம்

கனடியக் கரையில் நெடுஞ்சாலையைப் புதிய பாலத்துடன் இணைக்கும் எர்ப் கிரே சாலை முதலில் அமைந்தது. ஏறத்தாழ 140 கோடி கனடிய டாலர் செலவில், 11 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலை 2015இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. சாலையின் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே அமைந்துள்ளது. அதன் மேல் சில இடங்களில் மூடுதளங்களும் பசுமைப் பரப்பும் உள்ளன.

பாலத்துக்காக 2012இல் வின்சர்–டிட்ராயிட் பால ஆணையம் என்ற கனடிய அரசு நிறுவனம் உருவாக்கப்பட்டது. அரசு–தனியார் கூட்டு முறையில் திட்டத்தை நிறைவேற்ற முடிவானது. வடிவமைத்தல், கட்டுதல், நிதியின் ஒரு பகுதியைத் திரட்டுதல், திறந்தபின் 30 ஆண்டுகள் இயக்கிப் பராமரித்தல் ஆகியவை தனியார் கூட்டமைப்பின் பொறுப்பு. அதற்கான தொகையை ஆணையம் தவணைகளாகச் செலுத்தும். பாலமும் கட்டண வருவாயும் பொதுத் தரப்பிடமே இருக்கும். 1929ஆம் ஆண்டின் ஏற்பாட்டிலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில்தான். அன்று வருவாய் குறைந்தபோது பங்குதாரர் இழந்தனர். வருவாய் உயர்ந்தபோது உரிமையாளர் ஈட்டினார். இன்று வாகனங்கள் எதிர்பார்த்த அளவுக்கு வராவிட்டால் இழப்பு கனடிய வரி செலுத்துவோரைச் சேரும்.

2018 செப்டம்பரில் 570 கோடி கனடிய டாலர் மதிப்பில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2024 இறுதியில் வேலை முடியும் எனத் திட்டமிடப்பட்டது. கோவிட் பெருந்தொற்றின் பாதிப்பால் 2024 சனவரியில் செலவு 640 கோடி கனடிய டாலராகவும், வேலை முடியும் காலம் 2025 செப்டம்பராகவும் திருத்தப்பட்டன. பின்னர் திறப்பு 2026க்குத் தள்ளிப்போனது.

பாலம் 2.5 கிலோமீட்டர் நீளமுடையது. கோபுரங்களிலிருந்து செல்லும் சாய்வு வடங்கள் தளத்தைத் தாங்கும் வகையைச் சேர்ந்தது. 853 மீட்டர் நீளமுள்ள அதன் நடுப்பாவு, வட அமெரிக்காவில் இவ்வகைப் பாலங்களில் மிக நீளமானது. 220 மீட்டர் உயரமுள்ள இரு கோபுரங்களும் கரையிலேயே நிற்கின்றன. கப்பல் நிறுவனங்கள் முன்பு எதிர்த்ததுபோல் ஆற்றுக்குள் தூண் ஏதும் இல்லை. ஆறு வாகனத் தடங்களுடன் நடப்போருக்கும் மிதிவண்டிகளுக்கும் தனிப்பாதை உண்டு. 2024 சூனில் இரு கரைகளிலிருந்தும் நீண்டுவந்த தளங்கள் ஆற்றின் நடுவே இணைக்கப்பட்டன.

கரையோர மக்கள்

புதிய பாலத்தின் அமெரிக்கச் சோதனை வளாகம் 167 ஏக்கர் பரப்பில் அமைந்தது. அதன் இடமான டெல்ரே, தொழிற்சாலைகளும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் சூழ்ந்த, மக்கள் தொகை குறைந்துவந்த ஏழைப் பகுதி. பாலத்துக்காக வீடுகளும் கடைகளும் வழிபாட்டிடங்களும் கையகப்படுத்தப்பட்டன. எஞ்சியிருந்தவர்கள், சரக்குந்துகளின் புகையும் இரைச்சலும் தங்களுக்கு, வணிகப் பயன் பிறருக்கா எனக் கேட்டுப் பல ஆண்டுகள் போராடினர்.

இப்போராட்டத்தின் விளைவாகச் சமூகப் பயன் திட்டம் ஒப்பந்தத்தின் பகுதியானது. 2017இல் டிட்ராயிட் நகராட்சி, பாலத்துக்குத் தேவையான தன் நிலங்களையும் தெருக்களையும் மாநிலத்துக்கு 4.8 கோடி டாலருக்கு விற்க உடன்பட்டது. அத்தொகையிலிருந்து வீடு மாற விரும்புவோருக்கு உதவி, தங்குவோரின் வீடுகளுக்கு ஒலித் தடுப்புச் சன்னல்கள், காற்று, உடல்நலக் கண்காணிப்பு, வேலைப் பயிற்சி ஆகியவற்றுக்கு நிதி ஒதுக்கப்பட்டது. அரசு நிதியில் கட்டப்படும் பாலம் என்பதாலேயே இத்தகைய கோரிக்கைகளை முன்வைக்க மக்களுக்கு ஓர் இடம் இருந்தது.

2022 முற்றுகை

ஒரே பாலத்தை நம்பியிருப்பதன் விளைவு 2022 பிப்ரவரியில் மீண்டும் வெளிப்பட்டது. கோவிட் தடுப்பூசி விதிகளை எதிர்த்த போராட்டக்காரர்கள் பிப்ரவரி 7 முதல் அம்பாசடர் பாலத்தின் கனடிய நுழைவாயிலை வாகனங்களால் மறித்தனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கோடி கனடிய டாலர் மதிப்பிலான வணிகம் நடக்கும் பாதை அது. இரு கரைகளிலும் வாகன ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. நீதிமன்றத் தடையுத்தரவுக்குப் பின் பிப்ரவரி 13 அன்று காவல்துறை பாதையை விடுவித்தது. மறுநாள் கனடிய அரசு நாடு முழுவதற்கும் நெருக்கடி நிலைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது.

வரலாற்று முக்கியத்துவம்

டிட்ராயிட் ஆற்றில் 1920களில் இரு அரசுகளும் பணம் தராமல் அனுமதி மட்டும் தந்தன. அன்று அது செலவில்லாத முடிவாகத் தோன்றியது. ஆனால் போக்குவரத்து பெருகியபோது கட்டணம், விரிவாக்கம், இணைப்புச் சாலை ஆகியவற்றைத் தீர்மானிக்கும் ஆற்றலை அவ்வரசுகள் இழந்திருந்தன. அதை மீட்க ஆய்வு, வழக்கு, வாக்கெடுப்பு என ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

கனடா இருகரைச் செலவையும் ஏற்றதற்குக் காரணம் கொடையுள்ளம் அன்று. கனடிய ஏற்றுமதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அமெரிக்காவுக்குச் செல்கிறது. பாலம் தாமதமாவதால் அமெரிக்காவைவிடக் கனடாவுக்கே இழப்பு மிகுதி. எல்லைக் கடப்பில் செலவைப் பாதிப்பாதியாகப் பிரிப்பது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் தேவை இரு பக்கமும் சமமாக இல்லாதபோது, அந்த முறைக்காகக் காத்திருப்பதே திட்டத்தை முடக்கிவிடும் என்பதை 2010க்கும் 2015க்கும் இடையிலான நிகழ்வுகள் காட்டின.

இந்த ஏற்பாட்டுக்கு விலையும் உண்டு. ஒரு நாட்டின் வரிப்பணத்தில் மற்றொரு நாட்டின் மண்ணில் எழுந்த கட்டடங்கள், அம்மண்ணின் சட்டத்துக்கும் அரசியலுக்கும் உட்பட்டவை. டிட்ராயிட் கரையின் சோதனை வளாகத்தைக் கனடா கட்டித் தந்தாலும், அங்கு எத்தனை சாளரங்கள் திறந்திருக்கும், எவ்வளவு நேரம் சோதனை நடக்கும் என்பதை அமெரிக்க அரசே முடிவு செய்யும். பாலத்தின் பாதி உடைமை மிச்சிகனுடையது. அதற்காக மாநிலம் தன் கருவூலத்திலிருந்து கட்டுமானச் செலவு எதையும் தரவில்லை. பாலக் கட்டணத்தில் அதற்கு உரிய பங்கு, கனடா தன் செலவு முழுவதையும் மீட்ட பிறகே கிடைக்கும்.